சரக்கு ரயிலுக்கு ஹைப்ரிட் எஞ்சின் சரிப்பட்டு வருமா?

காருக்குச் சரி, ஆயிரக்கணக்கான டன் இழுக்கும் ரயிலுக்கு ஹைப்ரிட் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேட்டரி, டீசலோடு சேர்ந்து ஓடினால் தாங்கும்.

டீசல் எஞ்சின் என்று நாம் சொல்வதே பாதி மின்சார வண்டிதான். டீசல் ஜெனரேட்டரைச் சுழற்றும். சக்கரத்தைத் திருப்புவது மோட்டார். இறக்கத்தில் அதே மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்போது கிடைக்கும் மின்சாரம்? வீட்டு ஹீட்டர் கம்பி மாதிரி, எஞ்சினின் மேற்பகுதியில் உள்ள மின்தடைகளில் சூடாகிக் காற்றோடு போய்விடும். பேட்டரி இருந்தால் அதைச் சேமித்து அடுத்த ஏற்றத்தில் செலவழிக்கலாம்.

2021-இல் அமெரிக்காவின் பிஎன்எஸ்எஃப் ரயில்வே, கலிபோர்னியாவில் பார்ஸ்டோ - ஸ்டாக்டன் தடத்தில் இதைச் சோதித்தது. வேப்டெக் நிறுவனத்தின் 2.4 மெகாவாட்-மணி பேட்டரி எஞ்சினை டீசல் எஞ்சின்களோடு கோர்த்து ஓட்டியதில், சராசரியாக 11 சதவீத எரிபொருள் மிச்சம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒரு ரயில்வேயின் டீசல் செலவில் அது பெரிய தொகை.

பேட்டரி மட்டும் போதுமா என்றால், 4,400 குதிரைத்திறனில் தொடர்ந்து இழுத்தால் இந்த 2.4 மெகாவாட்-மணி பேட்டரி முக்கால் மணி நேரத்துக்குள் காலி. அப்புறம், மேலே மின்கம்பி உள்ள தடத்தில் இதற்கு அவ்வளவு வேலையில்லை. பிரேக் மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.