சின்ன ஆர்.சி. (ரிமோட்டில் பறக்கும்) ஹெலிகாப்டரில் டைரக்ட் டிரைவ், கியர் டிரைவ்: என்ன வித்தியாசம்?

மோட்டார் தண்டிலேயே விசிறியை மாட்டினால் டைரக்ட் டிரைவ். நடுவில் பல்சக்கரம் வந்தால் கியர் டிரைவ்.

சின்ன மோட்டார் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும், ஆனால் முறுக்குவிசை (திருப்பும் பலம்) குறைவு. பெரிய மேல் விசிறிக்கோ சில ஆயிரம் சுற்றே போதும். முறுக்குவிசைதான் நிறைய வேண்டும். 9 பல் சக்கரம் 72 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் எட்டில் ஒன்றாகும், முறுக்குவிசை ஏறக்குறைய எட்டு மடங்காகும். மேட்டில் சைக்கிளை லேசான கியருக்கு மாற்றி மிதிப்பது போலத்தான்: கால் வேகமாகச் சுற்றும், சக்கரம் மெதுவாக ஏறும்.

வால் விசிறி சிறியது, வேகமாகச் சுற்றுவது. அதனால் பல குட்டி ஹெலிகாப்டர்களில் அதற்குத் தனி மோட்டார், நேரடியாகவே. மேல் விசிறிக்கும் நேரடி மோட்டார் உண்டு. அகலமான, நிதானமாகச் சுற்றும் பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் பிரஷ் இல்லாத) வகை. சத்தம் குறைவு, விழுந்தால் உடைய பல்லும் இல்லை (எனக்கு அதுவே பெரிய நிம்மதி).

கியர் சக்தியைக் கூட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டாது. வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையாக மாற்றும், அவ்வளவுதான்; உராய்வில் சக்தியைக் கொஞ்சம் தின்னவே செய்யும்.