அம்மாவின் நேர்த்தியும் என் வாதமும்

கேள்வி:
எனக்கு 31 வயது. பாண்டிருப்புக்குப் பக்கத்து ஊர், விஞ்ஞான ஆசிரியர். ஏ.எல். படிக்கும்போது இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரின் கட்டுரைகளை வாசித்தேன். அதோடு கடவுளை விட்டுவிட்டேன். எனக்கு நியமனம் கிடைத்தால் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக அம்மா நேர்ந்திருக்கிறார். "சோதினை எழுதினது நானா, அம்மனா?" என்று கேட்டேன். தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், மேலே சாம்பல், கால் படுவதும் கொஞ்ச நேரம்தான், அதனால்தான் சுடுவதில்லை என்றும் விளக்கினேன். மூன்று நாளாக அம்மா பேசவில்லை. நம்பிவிட்டுப் போகட்டும் என்று சும்மா இருக்க என்னால் முடியவில்லை. சின்ன வயதில், காய்ச்சலோடு கிடந்த அப்பாவுக்கு மூன்று நாள் தண்ணி ஓதிக் கொடுத்துவிட்டு நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா வரவில்லை. அம்மாவுக்கு இப்போது சீனி வருத்தம் (நீரிழிவு) வேறு. நான் ஏன் இப்படி வாதாடுகிறேன்?

பதில்:
தம்பி, காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், போகிற போக்கில். நாத்திகர் எல்லோரும் ஒரே காரணத்துக்காக வாதாடுவதில்லை. பெரியாரின் கடவுள் மறுப்பு சாதியோடு போட்ட சண்டை. கோவூர் 1963இல் அற்புதம் செய்துகாட்டினால் ஒரு இலட்சம் ரூபாய் என்று சவால் விட்டது ஏமாற்றுக்காரர்களைப் பார்த்து. நீங்கள் சண்டை போடுவது அந்த மூன்று நாளோடு. ஆனால் எதிரே நிற்பது அம்மா. 'உன் நம்பிக்கைதான் அப்பாவைக் கொன்றது' என்றே அவர் காதில் விழுந்திருக்கும். அந்த மூன்று நாளை அவரும்தானே சுமக்கிறார்?

வாதத்தால் அவர் மாறவும் மாட்டார். தன் தெரிவைப் பறிக்க வருகிறார்கள் என்று தோன்றினால் மனிதர் அதை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள் என்று உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இலேயே எழுதினார். நம் வீடுகளில் அதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

உங்கள் விளக்கம் சரிதான். ஆனால் அது உணர்ச்சியுள்ள காலுக்கு. நெடுநாள் சீனி வருத்தம் பாத நரம்புகளை மரத்துப்போக வைக்கலாம். அப்படியானால் சுட்டாலும் தெரியாது, நடையை எட்டிப் போடத் தோன்றாது, புண்ணும் லேசில் ஆறாது. கடவுள் இருக்கிறாரா என்று பேசிய நேரத்தில் பேசியிருக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். பாதத்தைப் பரிசோதிக்கச் சொல்லி, தீ மிதிப்பது பற்றி அம்மாவுக்கு முன்னாலேயே டொக்டரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், நேர்த்தியை வேறு மாதிரிச் செலுத்தலாமா என்று அம்மாவே கோயிலில் கேட்கட்டும். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியது நீங்கள். அதனால் கோவூர் ஒன்றும் கோபிக்க மாட்டார்.

அப்பாவைப் பற்றி அம்மாவோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? அது கடிதத்தில் இல்லை.