8 பிளாக், 45 நிமிடம்: ஸ்டெப் 2 தேர்வு நாள் பற்றி கேள்வி பதில்

அமெரிக்காவில் மருத்துவராக உரிமம் பெற எழுதும் யூஎஸ்எம்எல்இ தேர்வுகளில் ஒன்றான ஸ்டெப் 2 சிகே-வை 2023-இல் சென்னையிலேயே எழுதினேன். இடைவேளையை எப்படிப் பிரித்தீர்கள் என்று ஜூனியர்கள் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே. அப்போது மொத்தம் 9 மணி நேரம், 60 நிமிட பிளாக் (கேள்விப் பகுதி) 8, ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 40 கேள்வி, இடைவேளை 45 நிமிடம். உங்கள் தேதிக்கு அமைப்பு மாறியிருந்தால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கா, 45 நிமிடம் எப்படிப் போதும்? எனக்குச் சாப்பிடவே அரை மணி ஆகும்.

போதாதுதான், அதனால் முதலில் அதைப் பெருக்குங்கள். ஆரம்பத்தில் திரையில் வரும் டுடோரியலுக்கு (தேர்வு மென்பொருள் விளக்கத்துக்கு) அப்போது 15 நிமிடம். அதை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால், அங்கே ஹெட்போனில் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம், மிச்சம் இடைவேளையில் சேரும். ஒரு பிளாக்கைச் சீக்கிரம் முடித்தாலும் அந்த மிச்சம் இடைவேளைக்குத்தான் போகும், அடுத்த பிளாக்குக்கு வராது. என் திட்டம் இதுதான்: முதல் 2 பிளாக் ஒரே மூச்சில், பிறகு 10 நிமிடம், 3-க்குப் பின் 5, 4-க்குப் பின் சாப்பாட்டுக்கு 20, அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் 7.

திட்டப்படி நடந்ததா?

எங்கே! சாப்பிட்டுவிட்டு வந்தால் வாசலில் எனக்கு முன்னால் வேறு ஏதோ தேர்வுக்கு வந்த 5 பேர் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும், கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவு நேரமும் உங்கள் இடைவேளைதான் ஓடிக்கொண்டிருக்கும். என் 20 நிமிடம் 31 ஆனது. இடைவேளை தீர்ந்துபோனால் அடுத்து கடைசி பிளாக்கின் நேரத்தில்தான் கை வைப்பார்கள், பின்னால் எவ்வளவு சுருக்கியும் எனக்கு அதில் 4 நிமிடம் போய்விட்டது. கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால், ஏறக்குறைய 3 கேள்வி. அதனால் 20 என்று எழுதினால் 14-இல் எழுந்துவிடுங்கள். பாக்கெட் இல்லாத உடை இருந்தால் அதையே போடுங்கள்.

அம்மா தயிர் சாதம் கட்டித் தருகிறேன் என்கிறார்...

அம்மாவிடம் சாயங்காலத்துக்கு வைக்கச் சொல்லு தம்பி. வயிறு நிறையத் தயிர் சாதம், மேலே ஏசி, 5-ஆவது பிளாக்கில் ஒரே பத்தியை மூன்று தடவை படிப்பாய். பொடி இட்லியும் வேண்டாம், எண்ணெய்க் கையைக் கழுவவே 2 நிமிடம் போகும். நான் சின்ன டப்பாவில் எலுமிச்சை சாதம் எடுத்துப்போய், 2-ஆவது பிளாக் முடிந்து பாதி, 4-க்குப் பின் மீதி, இரண்டு முறையும் ஸ்பூனில் சாப்பிட்டேன். அப்புறம் வாழைப்பழம், கடலை மிட்டாய். ஃபிளாஸ்கில் அரை டம்ளர் காபி, அதற்கு மேல் குடித்தால் அடுத்த கேள்விதான் உனக்கும்.

பிளாக் நடுவில் பாத்ரூம் அவசரம் வந்தால்?

பிளாக் நடுவில் அனுமதிக்கப்பட்ட இடைவேளையே கிடையாது. எழுந்து போனால் கடிகாரம் நிற்காது, மைய ஊழியர்கள் அதை எழுதி அனுப்பியும் விடுவார்கள். அவசரமோ இல்லையோ, வெளியே வரும்போதெல்லாம் போய்விட்டு வாருங்கள்.

எனக்கு 4 மாதக் குழந்தை, பால் எடுக்க வேண்டும். மையத்தில் சொன்னால் நேரம் தருவார்களா?

அன்று காலை சொன்னால் கிடைக்காதும்மா. கூடுதல் இடைவேளை நேரத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது, தேதி போடுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

தாம்பரத்திலிருந்து வருகிறேன், நவம்பர் தேதி. வேறு ஏதாவது?

மழை மாதம், ஜிஎஸ்டி சாலையை நம்பாதீர்கள், மின்சார ரயிலில் வந்துவிடுங்கள், பாஸ்போர்ட்டை முதல் நாளே பையில் வையுங்கள். அதற்கு முன் ஒரு ஞாயிறு, வீட்டில் எல்லா பிளாக்கும் முழுசாக உட்கார்ந்து பாருங்கள், அதே டப்பா, அதே ஸ்பூன், போன் வேறு அறையில். என் தங்கை வாசலில் நின்று நேரம் குறித்தாள், 6-ஆவது பிளாக்கில் அவளே தூங்கிவிட்டாள்.