எலிசபெத் டெய்லர் ப்ரூச்: உண்மையா?

ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லரின் சொந்த நகை என்று ஒருவர் விற்கும் ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் நகை) உண்மையிலேயே அவருடையதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் பின்பக்கம் டெய்லர் பெயரோடு ஏவான் என்றும் பொறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது. 1990களில் ஏவான் என்ற அழகுசாதன நிறுவனம் அவர் பெயரில் ஃபேஷன் நகைகளை விற்றது. இது அந்த வகை, அவருடைய சொந்த நகை அல்ல.

சொந்த நகைகள் 2011 டிசம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் என்ற ஏல நிறுவனத்தில் ஏலத்துக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் லாட் எண், அதாவது ஏலப் பட்டியல் எண், உண்டு. விற்பவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கணவர் ரிச்சர்ட் பர்ட்டன் டெய்லருக்கு வாங்கிக் கொடுத்த டெய்லர்-பர்ட்டன் வைரமும் அதே ஏலத்தில்தான் போனது என்று விற்பவர் சொன்னாராமே, சுத்தப் புளுகு! 69.42 கேரட் கொண்ட அந்த வைரத்தை டெய்லர் 1970களின் இறுதியிலேயே விற்றுவிட்டார். 2011-ல் போனது 33.19 கேரட் மோதிர வைரம், சுமார் 88 லட்சம் டாலருக்கு. அப்புறம் லா பெரெக்ரினா முத்து. 1969-ல் பர்ட்டன் 37,000 டாலருக்கு வாங்கிக் கொடுத்தது, ஏலத்தில் 1 கோடியே 18 லட்சம் டாலரைத் தொட்டது. இடையில் ஒருமுறை காணாமல்போய் நாய்க்குட்டியின் வாயிலிருந்து மீட்கப்பட்ட முத்து அது!

ப்ரூச் பிடித்திருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பழைய ஃபேஷன் நகைக்கு உள்ள விலைதான் கொடுக்க வேண்டும்.