சர்ச் வளாகத்தில் நடக்கும் ஏ.ஏ. கூட்டத்துக்கு என் கணவரை அனுப்பலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது, எலக்ட்ரீஷியன். பத்து வருடக் குடி. மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, ஒரு கல்யாண வீட்டில் மறுபடி ஆரம்பித்துவிட்டார். இப்போது தினமும் குடிக்கிறார். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். அது சர்ச் வளாகத்தில் நடக்கிறதாம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். 'நாலு பேர் பார்த்தா மானம் போயிடும்' என்கிறார் கணவர். 14 வயது மகன் அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான். நான் என்ன செய்யட்டும்? — ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, மறுபடி குடித்துவிட்டார் என்பதால் அந்த ஒரு மாதச் சிகிச்சை வீண் என்று நினைக்காதீர்கள். மையத்துக்குள் பாட்டில் கண்ணில் படாது. வெளியே வந்ததும் கையில் கூலி, கூடவே கூட்டாளிகள், வீட்டுக்கு வரும் வழியில் டாஸ்மாக் என எல்லாம் பழையபடியே இருக்கும். அந்த நேரத்தில் துணைக்கு ஆள் வேண்டும். உங்கள் டாக்டர் சரியான வழியைத்தான் காட்டியிருக்கிறார்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். சர்ச் ஹாலோ பள்ளி அறையோ மாலையில் காலியாக இருக்கும், வாடகையும் குறைவு. அவ்வளவுதான் காரணம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரும் ஆரம்பித்தது அது. இருவருமே குடிநோயாளிகள். குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் கடவுள் பேச்சு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றுதான் இருக்கிறது. உங்கள் கணவர் முருகனைக் கும்பிடலாம், கடவுளே இல்லை என்றும் சொல்லலாம். குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும், அதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

மானம் போய்விடும் என்கிறாரே, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருமே குடியால் அடிபட்டவர்கள்தான். அங்கே வருகைப் பதிவேடு இல்லை, முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்று வெளியே பேசக் கூடாது என்பது அவர்கள் கட்டிக்காக்கும் வழக்கம். அப்படியும் தயங்கினால் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போய் வரட்டும்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும். பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரும்பாலும் டீயும் இருக்கும். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்பார். தாலியை அடகு வைத்தது, பிள்ளையின் ஃபீஸ் பணத்தைக் குடித்தது எல்லாம் வெளியே வரும். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள். இவர் வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வரலாம். கடைசியில் ஒரு பை சுற்றிவரும். விருப்பப்பட்டால் பத்து இருபது போடலாம், போடாவிட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில்தான். கை டம்ளரைத் தேடுகிற அதே நேரம், அதனால்தான் இது உதவுகிறது என்பது என் எண்ணம். புதிதாக வருபவர்களிடம் 90 நாளில் 90 கூட்டம் போகச் சொல்வார்கள். சிறிய ஊரில் வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் நடக்கும் என்றால், மீதி நாட்களுக்கு ஆன்லைன் கூட்டம் இருக்கிறது. ஒன்று பிடிக்கவில்லையா, வேறு குழுவுக்குப் போகட்டும். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஊர்வாரியான இடமும் நேரமும் ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் இருக்கும். இல்லையென்றால் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். போவதற்கு முன் குழுவின் எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், நேரம் மாறியிருக்கலாம். குடும்பத்தாரும் உட்காரக்கூடிய 'ஓபன்' கூட்டம் எது என்றும் கேளுங்கள், முதல் நாள் நீங்களும் கூடப் போகலாம்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம் மட்டும் வராது, முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நிறுத்தும் முன் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே பார்க்கலாம். அப்புறம், 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்' என்று விற்கும் மருந்துகள் பக்கமே போகாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் ஒரு மருந்து) இருந்து அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விபரீதமாகிவிடும்.

அவர் போதையில் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது, 'இனிமேல் குடிக்க மாட்டேன்னு சத்தியம் எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கூட்டத்துக்கு வாங்க' என்று மட்டும் கேளுங்கள்.

மாட்டேன் என்றால்? அப்போதும் நீங்கள் போங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் தனியாக நடக்கின்றன. அவர் குடியை நிறுத்தும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டிலை ஒளிப்பது, அவர் வேலைக்குப் போகாத நாளில் 'காய்ச்சல்' என்று போனில் பொய் சொல்வது, கடனை அடைப்பது இதையெல்லாம் எப்படி நிறுத்துவது என்று அதே பாடு பட்ட பெண்களிடமே கேட்கலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அல்-அட்டீன் என்ற குழுவும் உண்டு. உங்கள் பக்கத்தில் நடக்கிறதா என்று அங்கேயே விசாரியுங்கள். மகனைக் கட்டாயப்படுத்த வேண்டாம், அப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் அவனிடம் சொல்லி வையுங்கள்.