சிவப்புக் கோட்டை யார் போடுகிறார்கள்?

உலாவியில் தட்டெழுதும்போது சொல்லுக்கு அடியில் நெளியும் சிவப்புக் கோட்டைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. ஆகவே இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை. பிரிண்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கணினிப் பக்கம் எழுத வருவதற்கு முன் நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவள். இந்த விஷயத்தில் என் பதில்கள் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும்.

கேள்வி: ஃபயர்பாக்ஸில் ஒரு படிவம் நிரப்புகிறேன். ‘தலைப்பு’ கட்டத்தில் என்ன தப்பு செய்தாலும் கோடு வருவதில்லை. கீழே இருக்கும் ‘விவரம்’ கட்டத்தில் மட்டும் வருகிறது. கோளாறு அந்தத் தளத்திலா, என் கணினியிலா?

இரண்டிலும் இல்லை. ஃபயர்பாக்ஸ் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறது. பல வரி எழுதும் கட்டங்களை அது தானாகச் சரிபார்க்கும். ஒரு வரிக் கட்டத்தைச் சொன்னால்தான் பார்க்கும். காரணம் நியாயமானது. ஒற்றை வரிக் கட்டங்களில் நாம் பெரும்பாலும் பெயர், ஊர், வாடிக்கையாளர் எண் என்று அகராதியில் இல்லாதவற்றைத்தான் எழுதுகிறோம். அவற்றுக்கெல்லாம் கோடு போட்டால் படிவமே சிவந்துவிடும்.

ஒரு கட்டத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் அதில் வலது சொடுக்கி, பட்டியலில் எழுத்துப்பிழை சரிபார்ப்பை ‘டிக்’ செய்யுங்கள். எல்லா இடத்திலும் வேண்டுமென்றால் முகவரிப் பட்டையில் ‘அபவுட்:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ‘லேஅவுட்.ஸ்பெல்செக்டிஃபால்ட்’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 1 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் ஒற்றை வரிக் கட்டங்களும் சேரும். 0 ஆக்கினால் எல்லாமே நின்றுவிடும். குரோம் இந்தப் பேதம் பார்ப்பதில்லை, ஒற்றை வரியிலும் கோடு போடும்.

கேள்வி: நான் வலைத்தளம் கட்டுபவன். பயனர் பெயர் எழுதும் கட்டத்தில் கோடு வரக்கூடாது என்று, பக்கத்தின் நிரலில் எழுத்துப்பிழை சரிபார்ப்பைக் கட்டுப்படுத்தும் ‘ஸ்பெல்செக்’ பண்புக்கு ‘ஆஃப்’ கொடுத்தேன். கோடு போகவில்லை. இன்னொரு கட்டத்தில் ‘ட்ரூ’ கொடுத்தேன், ஏற்கெனவே நிரப்பியிருந்த பிழைகளுக்குக் கோடு வரவில்லை. உலாவி என்னை மதிக்கவே இல்லையே?

முதல் பாதிக்கு நீங்கள் எழுதியதே காரணம். ‘ஆஃப்’ என்பது, கட்டத்தைத் தானாக நிரப்புவதற்கான ‘ஆட்டோகம்ப்ளீட்’ பண்புக்கு உரியது. ‘ஸ்பெல்செக்’ ஏற்பது ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ இரண்டை மட்டுமே. வேறு எதை எழுதினாலும் எழுதாத கணக்குத்தான். உலாவி தன் வழக்கப்படி நடந்துகொள்ளும். இன்னொன்றும் கவனியுங்கள். ‘டிஸேபிள்ட்’, ‘ரிக்வயர்ட்’ போன்ற பண்புகள் பெயர் இருந்தாலே வேலை செய்யும். மதிப்பில் ‘ஃபால்ஸ்’ என்று எழுதினாலும் அவை ஓயாது. ‘ஸ்பெல்செக்’ அந்த ஜாதி இல்லை. இதில் ‘ஃபால்ஸ்’ என்றால் ‘ஃபால்ஸ்’தான். வெறும் பெயரை மட்டும் எழுதி மதிப்பே கொடுக்காமல் விட்டால் ‘ட்ரூ’ என்று பொருள். கட்டங்களைச் சுற்றியிருக்கும் வெளிக் கூட்டில் ஒருமுறை ‘ஃபால்ஸ்’ என்று எழுதிவிட்டால் உள்ளே இருப்பவை அதையே பின்பற்றும். வேண்டிய ஒரு கட்டத்துக்கு மட்டும் ‘ட்ரூ’ கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் பாதிக்கு வருவோம். ‘ட்ரூ’ என்பது ஆணை இல்லை, விண்ணப்பம். கோடு போடுவது உலாவி. அது யாருக்காகப் போடுகிறதோ அவர் கணினி முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவர். அவர் அமைப்பில் சரிபார்ப்பை அணைத்திருந்தாலோ, அந்த மொழிக்கு அகராதியே இல்லாவிட்டாலோ நீங்கள் நூறு முறை ‘ட்ரூ’ என்றாலும் ஒன்றும் நடக்காது. நீங்கள் முன்கூட்டியே நிரப்பி வைத்த உரையை, எழுதுபவர் அந்தக் கட்டத்துக்குள் போய்க் கைவைக்கும்வரை உலாவிகள் பொதுவாகத் தொடுவதில்லை. வெறுமனே படிக்க வந்தவருக்கு அடுத்தவர் பிழையை எதற்குக் காட்ட வேண்டும்?

உங்களால் உருப்படியாகச் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. அந்தக் கட்டத்தின் ‘லேங்’ பண்பில் மொழியைச் சரியாகக் குறியுங்கள். எந்த அகராதியைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்யும்போது ஃபயர்பாக்ஸ் அந்தக் குறிப்பைப் பார்க்கிறது.

கேள்வி: தமிழ் அகராதியை நிறுவிய பிறகுதான் தலைவலி. ஆங்கிலத்தில் எப்போதாவது ஒரு கோடு வரும். தமிழில் சரியாக எழுதினாலும் பத்தி முழுக்கச் சிவப்பு. எனக்குத் தமிழ் தெரியாதா, உலாவிக்குத் தெரியாதா?

இந்தக் கடிதம் எழுதியவர் இணைத்திருந்த பத்தியைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

உலாவி தானாக எதையும் கற்பதில்லை. ஃபயர்பாக்ஸ், 2006-இல் தன் இரண்டாம் பதிப்பில், எழுதும் கட்டத்திலேயே பிழை காட்டத் தொடங்கியது. பின்னர் ‘ஹன்ஸ்பெல்’ என்ற நிரலுக்கு மாறியது. குரோமும் அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் மேக் கணினியில் சஃபாரியைப் போலவே இயங்குதளத்தின் சொந்தத் திருத்தியிடம் வேலையை ஒப்படைத்துவிடுகிறது. ஹன்ஸ்பெல்லை எழுதியவர் ஹங்கேரியின் நேமெத் லாஸ்லோ, தன் மொழிக்காக. ஹங்கேரியனும் தமிழைப் போல விகுதிமேல் விகுதி ஒட்டும் மொழி. எனவே இந்த நிரலில் இரண்டு கோப்புகள். ஒன்றில் வேர்ச்சொற்கள். மற்றதில் ஒட்டு விதிகள்: இந்த வகைச் சொல்லின் கடைசியில் இதை நீக்கு, அதைச் சேர். நீங்கள் அடித்த சொல்லின் வாலை விதிப்படி கழற்றிப் பார்த்து, மிஞ்சுவது பட்டியலில் இருந்தால் கோடு கிடையாது.

நம் சிக்கல் அந்த வாலில். ‘மரம்’ பட்டியலில் இருக்கும். ‘மரத்தில்’ தேறிவிடும். ‘மரத்திலிருந்து’, ‘மரத்திலிருந்துதான்’, ‘மரத்திலிருந்துதானா’ என்று நீட்டிக்கொண்டே போகும்போது எங்கோ ஓரிடத்தில் விதி கைவிடும். ஹன்ஸ்பெல் பின்னொட்டுகளை இரண்டு அடுக்குவரைதான் கழற்றும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அகராதி செய்பவர் பல ஒட்டுகளை முன்கூட்டியே ஒன்றாகக் கட்டி விதி எழுத வேண்டும். பெயர்ச்சொல்லாவது பரவாயில்லை, ‘போய்க்கொண்டிருந்தபோதெல்லாம்’ மாதிரி வினைகளுக்கு எத்தனை கட்டு கட்டுவது? அந்த உழைப்பைச் செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டுக்குப் பயந்து சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி எழுதும் பழக்கம் வந்துகொண்டிருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கோடு கிடக்கட்டும், சேர்த்தே எழுதுங்கள்.

சில இடங்களில் உங்கள் கண்ணைவிடக் கோடுதான் சரி. ‘கௌரவம்’ என்று அடித்துச் சிவப்பு வந்தால், கடைசியில் இருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டு முதல் எழுத்துக்கு வாருங்கள். உண்மையான ஔகாரக் குறி என்றால் ஒரே அழிப்பில் ‘க’ மட்டும் மிஞ்சும். ‘கெ’ மிஞ்சினால், நீங்கள் அடித்தது ‘கெ’யும் அதை அடுத்து ‘ள’வும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கு அது ‘கெள-ரவம்’. ‘ஔவை’யிலும் இதே கூத்து, ‘ஒ’வும் ‘ள’வும் ஒட்டி நின்று ஏமாற்றும். நான் மெய்ப்புத் திருத்திய காலத்தில் தாளில் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. ‘கொடு’வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். ‘கோ’வுக்கும் அப்படியே. இரண்டும் சமம் என்பது யூனிகோட் விதி. ஆனால் அகராதிக் கோப்பில் ஒருவகை மட்டும் இருந்து, அதை ஈடுகட்டும் விதியும் எழுதப்படாமல் இருந்தால், குற்றமற்ற ‘கொடு’வுக்கும் கோடு விழும். பழைய ஆவணங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இதைச் சந்திப்பீர்கள். சொல்லை அழித்துவிட்டு உங்கள் விசைப்பலகையிலேயே மறுபடி அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் கோடு மறைந்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் கோடே இல்லாத கட்டுரையைப் பிழையில்லாதது என்று நம்பி அனுப்பலாமா?

அனுப்பக்கூடாது! ‘தலைவர் உறை நிகழ்த்தினார்’ என்று எழுதிப் பாருங்கள். ‘உறை’ அகராதியில் இருக்கிறது, தலையணைக்குப் போடுவது. கோடு வராது. ‘வர சொன்னான்’ என்று எழுதினாலும் வராது. ‘வர’ ஒரு சொல், ‘சொன்னான்’ ஒரு சொல். நடுவில் காணாமல்போன ‘ச்’ எந்தச் சொல்லின் கணக்கிலும் இல்லை. இந்த நிரல் ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டுமே பார்க்கிறது. சந்திப்பிழையோ, எழுவாய் ஒருமையில் இருக்கப் பயனிலை பன்மையில் போவதோ அதன் வேலைக்குள் வரவே இல்லை. வாக்கியத்தைப் படிக்கும் கருவிகள் தனியாக இருக்கின்றன. உலாவியின் நெளிகோட்டோடு அவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எழுத்துப்பிழை திருத்தி என் கடவுச்சொல்லை வெளியே அனுப்புகிறது என்று என் மகன் பயமுறுத்துகிறான். உண்மையா?

பாதி உண்மை. மகனைப் பாராட்டுங்கள்.

நான் மேலே சொன்ன சரிபார்ப்பு உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது. எழுத்து எங்கும் போவதில்லை. குரோமில் ‘மேம்பட்ட சரிபார்ப்பு’ என்று இன்னொரு வகை இருக்கிறது. அதை நீங்களாகத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் எழுதுவது கூகுளின் கணினிகளுக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டுத் திரும்பும். எட்ஜ் உலாவியில் மைக்ரோசாஃப்ட் எடிட்டர் நீட்சி 2025-இல் நிறுத்தப்படும்வரை செய்ததும் இந்த மாதிரி வேலைதான். கடவுச்சொல் கட்டத்தைச் சரிபார்ப்பது வழக்கமில்லை. ஆனால் கண் படத்தைத் தட்டிக் ‘கடவுச்சொல்லைக் காட்டு’ என்கிறோமே, அப்போது பல தளங்கள் அந்தக் கட்டத்தைச் சாதாரண உரைக் கட்டமாக மாற்றிவிடுகின்றன. மாறிய கணத்தில் அதுவும் சரிபார்ப்புக்குரிய உரை ஆகிவிடுகிறது. 2022 செப்டம்பரில் ஓட்டோ-ஜேஎஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டு சொன்னபோது பெரிய பேச்சானது.

உங்களுக்கு: குரோம் அமைப்பில் மொழிகள் பகுதிக்குப் போய் அடிப்படைச் சரிபார்ப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தளம் கட்டுபவர்களுக்கு: கடவுச்சொல் கட்டத்திலும், அடையாள எண் கேட்கும் கட்டங்களிலும் ‘ஸ்பெல்செக்’கை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். ‘ஆஃப்’ இல்லை.

கேள்வி: நான் எத்தனை பிழை விடுகிறேன் என்று அந்தத் தளத்துக்குத் தெரியுமா?

உலாவி போட்ட கோட்டின் வழியாகத் தெரியாது. அந்தக் கோடு பக்கத்தின் உள்ளடக்கத்தில் சேர்வதில்லை. உங்கள் திரையில் மட்டும் வரையப்படுகிறது. 2024 தொடக்கத்தில் வந்த குரோம் 121 முதல் அதன் நிறத்தையும் பாணியையும் தளம் மாற்றலாம். அப்போதும் எழுத்தின் அளவை மாற்ற விடுவதில்லை. அளவு மாறினால் அகலம் மாறும், அகலத்தை அளந்தால் எந்தச் சொல்லுக்குக் கோடு விழுந்தது என்று தளம் ஊகித்துவிடும். உங்கள் சொந்த அகராதியில் யார் யார் பெயரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பதுவரை துருவலாம். இதை யோசித்து முன்பே கதவைச் சாத்தியவர்களை எனக்குப் பிடிக்கும்.

தளமே தன் சொந்தத் திருத்தியை வைத்திருந்தால் கதை வேறு. அப்போது நீங்கள் எழுதுவதை அது எப்படியும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: ஒரு தளத்தில் கோடு வருகிறது, வலது சொடுக்கினால் திருத்தங்களுக்குப் பதில் அந்தத் தளத்தின் பட்டியல் வருகிறது. என்ன செய்ய?

ஃபயர்பாக்ஸ் என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது சொடுக்குங்கள், உலாவியின் பட்டியல் வரும். தளங்கள் தமக்குள் பதித்துவைக்கும் சிகேஎடிட்டர் 4 போன்ற எழுதுபலகைகளில் கன்ட்ரோல் விசை. அந்தப் பலகை உலாவியின் சரிபார்ப்பையே இயல்பாக அணைத்து வைத்திருக்கும். கோடே வராவிட்டால் தளக்காரரிடம் சொல்லித்தான் திறக்க வேண்டும்.

கேள்வி: அவசரத்தில் ஒரு தப்பான சொல்லை ‘அகராதியில் சேர்’ என்று அழுத்திவிட்டேன். இப்போது அந்தத் தப்புக்குக் கோடே வருவதில்லை.

குரோமில் அமைப்பு, மொழிகள், எழுத்துப்பிழை சரிபார்ப்பைத் தனிப்பயனாக்குதல் என்று போனால் நீங்கள் சேர்த்த சொற்கள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் போய்விடும். ஃபயர்பாக்ஸில் சேர்த்த கையோடு வலது சொடுக்கினால் சேர்த்ததைத் திரும்பப் பெறும் வழி பட்டியலிலேயே இருக்கும். நாளாகிவிட்டால், ஃபயர்பாக்ஸ் உங்கள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சுயவிவரக் கோப்புறையில் ‘பெர்ஸ்டிக்ட்.டாட்’ என்ற கோப்பைத் தேடுங்கள். வரிக்கு ஒரு சொல்லாக இருக்கும் வெறும் உரைக் கோப்பு அது. உலாவியை மூடிவிட்டு, அந்த வரியை நீக்கிச் சேமித்து, மறுபடி திறங்கள்.

அப்படியே மற்ற வரிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.