வீட்டுக்குள் கூடிய சபை

அன்புள்ள ஐயா,

ரோமானியர் காலத்திலேயே பிரிட்டனில் கிறிஸ்தவம் வேரூன்றிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். லண்டனில் இருக்கும் என் தம்பி ரோமானியர் கட்டிய நகரச் சுவரையும் ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற தெய்வத்தின் கோயிலையும் காட்டினான். அந்தக் காலத்துத் தேவாலயம் ஒன்றைக்கூட அவனால் காட்ட முடியவில்லை. பிற்காலத் துறவிகள் எழுதிச் சேர்த்த கதையாக இருக்குமோ?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கதை இல்லை. கி.பி. 314இல் இன்றைய பிரான்சின் ஆர்ல் நகரில் ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவை கூடியது. அதில் கலந்துகொண்டவர்களின் பட்டியலில் பிரிட்டன் ஆயர்கள் மூவர் இருக்கிறார்கள். யார்க்கிலிருந்து எபோரியஸ், லண்டனிலிருந்து ரெஸ்டிட்யூட்டஸ், மூன்றாமவர் அடெல்ஃபியஸ். ஆயர் இருந்தால் சபையும் இருந்திருக்கும்.

சரி, அந்தச் சபை எங்கே கூடியது? சில்செஸ்டரில் 1892இல் தோண்டியெடுத்த ஒரு சிறு கட்டடத்தைத் தேவாலயம் என்றார்கள். அமைப்பு பொருந்துகிறது. ஆனால் கிறிஸ்தவர்களுடையது என்று உறுதியாகச் சொல்ல உள்ளே ஒரு பொருளும் கிடைக்கவில்லை. நான் அதைச் சான்றாகக் கொள்ள மாட்டேன்.

கென்ட் பகுதியிலுள்ள லல்லிங்ஸ்டன் மாளிகையைத்தான் முதல் சான்றாகச் சொல்வேன். அங்கே அகழாய்வு 1949இல் தொடங்கியது. மாளிகை 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தீப்பிடித்து, மேல் அறைகளின் சுவர்ப்பூச்சு நொறுங்கி நிலவறைக்குள் விழுந்திருக்கிறது. அந்த ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பொறுமையாகப் பொருத்திப் பார்த்தபோது ஓவியம் தெரிந்தது. கைகளை விரித்து ஜெபிக்கும் ஆறு பேர். கூடவே கிறிஸ்துவின் பெயரில் வரும் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னி வரையும் கை-ரோ குறி. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு பணக்காரக் குடும்பம் தன் வீட்டின் சில அறைகளை ஜெபத்துக்கு ஒதுக்கியிருக்கிறது. வெளியிலிருந்து நேரே உள்ளே வரத் தனி வாசலும் உண்டு. அப்படியென்றால் அக்கம்பக்கத்தாரும் வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே நிலவறையில் முன்னோர்களுடையதாகக் கருதப்படும் இரண்டு பளிங்கு மார்பளவுச் சிலைகளும் இருந்தன. மேலே ஜெபம் நடந்த காலத்திலும் கீழே அவற்றுக்குப் படையல் தொடர்ந்தது என்று அகழ்வாளர்கள் கருதினார்கள். எனக்கு இது முரணாகவே படவில்லை. ஒரு வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மதம் மாறிவிடுவதில்லை.

வாட்டர் நியூட்டனில் 1975இல் கிடைத்த வெள்ளிப் புதையலும் இதையே காட்டுகிறது. ரோமப் பேரரசு முழுவதிலும் கிடைத்த கிறிஸ்தவ வழிபாட்டு வெள்ளித் தொகுதிகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். இலை வடிவத்தில், முக்கோணமாக வெட்டிய தகடுகள் அதில் பல. ரோமானியக் கோயில்களில் தெய்வங்களுக்கு வேண்டிக்கொண்டு செலுத்திய தகடுகளும் இதே வடிவம்தான். இங்கே அவற்றில் கை-ரோ குறியைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு பெண் தான் நேர்ந்துகொண்டதை நிறைவேற்றியதாகத் தன் தகட்டில் எழுதியிருக்கிறாள். நேர்த்திக்கடன் செலுத்தும் பழக்கம் அப்படியே இருக்கிறது, தெய்வம்தான் வேறு. ஒரு பாத்திரத்தில் இன்னசென்ஷியா, விவென்ஷியா என்று இரண்டு பெண்களின் பெயர்கள். பேரவைப் பட்டியலில் ஆயர்கள் மட்டுமே உண்டு. சபையில் இருந்த பெண்களை நமக்குக் காட்டுவது இந்த வெள்ளிதான்.

இவையெல்லாம் வசதியானவர்களின் தடயங்கள் என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் உண்மைதான். ஏழைகளைத் தேடிக் கல்லறைகளுக்குப் போனால், பொருள் ஏதும் வைக்காமல் கிழக்கு மேற்காகப் புதைத்திருப்பதை வைத்தே கிறிஸ்தவர் என்று முடிவு கட்டுகிறார்கள். அது போதாது. ஞானஸ்நானத்துக்குப் பயன்பட்டிருக்கலாம் என்று கருதப்படும் ஈயத் தொட்டிகள் அதைவிட நல்ல சான்று. சஃபோக்கின் இக்லிங்ஹாமில் கை-ரோ குறியுள்ள தொட்டிகள் கிடைத்தன. லிங்கன்ஷையரின் வால்ஸ்பியில் 1959இல் கிடைத்த தொட்டியில், ஆடையில்லாத ஒரு பெண் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்கிறாள். ஞானஸ்நானம் பெறப் போகிறவள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து, எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.